படத்திலிருந்து எழுந்துபோன தேசிங்கு

செத்துப்போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முதல் பஸ் வருவதற்கு முன்னால், தேசிங்கு சுவரொட்டியிலிருந்து எழுந்து போனான். பஸ் நிறுத்தத்தின் பின்சுவரை முழுக்க அடைத்து ஒட்டியிருந்த அந்தப் படத்தில், ஒயின் ஷாப் சுவரோரம், மழைத்தண்ணீர் ஓடுகிற சாக்கடையின் விளிம்பில், லுங்கி தொடைக்கு மேல் ஏறி, வாய் பிளந்து, ஒரு கன்னம் சேற்றில் புதைய மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவன் அன்றைக்கு அங்கே இல்லை. சுவர் இருந்தது, சாக்கடை இருந்தது, சேறு இருந்தது, சேற்றில் ஓர் ஆள் படுத்திருந்த பள்ளம் இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘நீங்களும் இப்படி ஆக வேண்டுமா?’ என்ற கேள்வி மட்டும், யாரைக் காட்டிக் கேட்கிறோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள் கோட்டீஸ்வரி. இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்து, பக்கத்து வீட்டுச் சம்பூரணத்தின் கதவைத் தட்டினாள்.

“ஏ சம்பூரணம், உன் வூட்டுக்காரரு எந்திரிச்சிட்டாரு.”

சம்பூரணம் குடத்தில் பிடித்த தண்ணீரை அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்த பிறகுதான் கேட்டாள். “எங்கேந்து?”

“பஸ் ஸ்டாப்புலேந்து.”

“எங்க போனாரு?”

“அது தெரியல. சேறு மட்டுந்தான் கீது.”

சம்பூரணம் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். “போகட்டும். எவ்ளோ நாளுதான் ஈரத்துல படுத்துக்கினு இருப்பாரு” என்றாள்.

வடசென்னையில் ரயில் தண்டவாளத்துக்கும் கறுத்த கால்வாய்க்கும் நடுவே, துவைத்து உலர்த்திய சேலைபோல நீளவாக்கில் கிடக்கிற குடியிருப்பு அது. எந்தக் காலத்திலோ அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்ததால் காளவாய்மேடு என்று பெயர். இப்போது அங்கே எரிவதெல்லாம் ஆம்பளைகளின் வயிறுதான் என்று பெண்கள் சொல்வார்கள். ஆண்கள் துறைமுகத்தில் ஐஸ் கட்டி சுமந்தார்கள், மீன்பாடி வண்டி மிதித்தார்கள், வேலை கிடைக்காத நாளில் கடை திறக்கும் முன்பே கடை வாசலில் போய் நின்றார்கள். பெண்கள் கொட்டகையில் ஐஸ் தண்ணீருக்குள் விரல் மரத்துப்போக இறால் உரித்தார்கள், உரித்த கையின் நாற்றம் போகாமலே சோறு பொங்கினார்கள்.

தேசிங்கு ஐஸ் சுமந்தவன். சாக்கைத் தோளில் போட்டு, அதன்மேல் கட்டியை ஏற்றி, படகுக்கும் லாரிக்கும் நடுவே ஓடுகிறவன். குளிருக்கு ஒரு வாய் என்று தொடங்கியது, வலிக்கு ஒரு வாய் என்று ஆகி, பிறகு காரணம் கேட்காத அளவுக்கு வளர்ந்து, வீட்டுக்குள் புகுந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிற்று: தையல் மிஷின் போயிற்று, பித்தளை அண்டா போயிற்று, மகள் கஸ்தூரி பள்ளிக்கூடம் போன சைக்கிள் போயிற்று. மலைக்கு மாலை போட்ட ஒரு கார்த்திகையில் அவன் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தான். விடியலில் குளித்து, நெற்றியில் சந்தனம் வைத்து, மகளுக்குத் தலைவாரிவிட்டான். மாலையைக் கழற்றிய அன்று மத்தியானமே கடைவாசலில் இருந்தான். குடித்தால் அடிப்பான். அடித்துவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். அடியைவிட அந்த அழுகையைத்தான் சம்பூரணத்தால் தாங்க முடிந்ததில்லை. கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தபோது அவன் செத்துப்போனான். அன்று அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, தூக்கம். பிணத்தின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து, பல வருஷத்துத் தூக்கத்தை அவள் தூங்கினாள்.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போன இளவட்டங்கள் முகம் கேட்டார்கள். வீட்டில் ஒரு முகம் இல்லை. கல்யாணப் போட்டோவை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஆதார் அட்டையை அவனே எங்கோ தொலைத்திருந்தான். தேடிப் பார்த்துவிட்டு, முகம் வரவேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கைப் போட்டு, கீழே அவன் பெயரை எழுதி, தெருமுனையில் கட்டினார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பேனர் கிழிகிற வரைக்கும்.

அவனுடைய படம் ஒன்றே ஒன்று உலகத்தில் இருந்தது. அது மெர்லினிடம் இருந்தது.

மெர்லின் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். குடியிலும் வறுமையிலும் கிடக்கிறவர்களைப் படம் எடுப்பதற்கென்று, தோளில் கேமராப் பையோடு காளவாய்மேட்டுக்கு வந்தவள், எடுத்துவிட்டு ஓடிப்போகிறவளாக இல்லாமல், வந்து வந்து உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனாள், ஒருமுறை கோட்டீஸ்வரியின் தம்பிக்கு ரத்தம்கூடக் கொடுத்தாள். நாள் ஆக ஆக அவள் கையில் கேமரா இருப்பதையே ஜனங்கள் மறந்துபோனார்கள். அந்த மறதிக்குள்ளிருந்துதான் அவளுடைய நல்ல படங்கள் எல்லாம் வந்தன. தேசிங்கு சாக்கடையோரம் கிடந்த மழைநாளில் அவள் முதலில் படத்தை எடுத்தாள், அப்புறம் கேமராவைப் பையில் போட்டுவிட்டு, இன்னொரு ஆளோடு சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டாள். இரண்டையும் அவள்தான் செய்தாள்.

கண்காட்சியில் வைத்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, குடியை ஒழிக்கப் பாடுபடுகிற ஓர் அறக்கட்டளை கேட்டது. நல்ல காரியம்தானே என்று அவள் கொடுத்தாள். அவர்கள் அதைப் பெரிதாக்கி நகரத்தின் பஸ் நிறுத்தங்களில் ஒட்டினார்கள். காளவாய்மேட்டு நிறுத்தத்திலும் ஒட்டினார்கள்.

வேலைக்குப் போகிற வழியில் சம்பூரணம் அதைப் பார்த்த அன்று, அவளுக்குள் இரண்டு நினைப்பு ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. ஐயோ, இப்படிக் காட்டுகிறார்களே என்பது ஒன்று. ஐயோ, இது அவர் முகம் என்பது இன்னொன்று. மறந்துபோயிருந்த புருவ வெட்டு அதில் இருந்தது, காது மடலில் ஐஸ் கொக்கி கிழித்த தழும்பு இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஜனம் ஏறிப் போன பிறகு, அவள் சுவரண்டை போய், படத்தில் தொடைக்கு மேல் ஏறிக் கிடந்த லுங்கியை விரலால் கீழே இழுத்துப் பார்த்தாள்.

கஸ்தூரி அப்போது துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கம்பெனி வேனில் கூட வருகிற பெண் ஒருத்தி சுவரொட்டியைக் காட்டி, “இந்தாளு உங்க ஏரியாவாடி?” என்று கேட்டபோது, அவள் “யாருன்னே தெரியாது” என்று சொன்னாள். அன்றிலிருந்து வேனை ஒரு நிறுத்தம் முன்னாடியே நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்து வந்தாள். வீட்டில் அப்பாவின் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போனாள்.

சம்பூரணம் மெர்லினின் வீட்டைத் தேடிப் போனாள். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் போனாள். மெர்லின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் கோபம் வரவில்லை.

“நாலு பேரு திருந்தட்டும்னுதான் குடுத்தேன்க்கா. அவரை அசிங்கப்படுத்தணும்னு இல்ல” என்றாள் மெர்லின்.

“தெரியும்மா. ஆனா அவரு செத்து, எரிச்சு, சாம்பலையும் கரைச்சாச்சு. நீ அவர இன்னும் சாக்கடைலேந்து தூக்கவே இல்லையே.”

மெர்லின் அன்றைக்கே அறக்கட்டளைக்குப் போய், படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். ஒட்டியாயிற்று, விழிப்புணர்வு மாதம் முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள். மறுபடியும் போனாள். மறுபடியும் அதையே சொன்னார்கள். அப்படியே மழை வந்து, வெயில் வந்து, சுவரொட்டியின் ஓரம் சுருண்டு, தேசிங்கு மட்டும் சுருளாமல் கிடந்து, கடைசியில், யாரும் எடுக்காததால், தானே எழுந்து போனான்.

அவன் ஒரு நிறுத்தத்திலிருந்து மட்டும் போகவில்லை. நகரத்தில் ஒட்டியிருந்த அத்தனை சுவரொட்டிகளிலும், கண்காட்சி மண்டபத்துச் சட்டத்திலும், மெர்லினின் கம்ப்யூட்டரிலும், அவள் பத்திரப்படுத்தியிருந்த ஃபிலிம் சுருளிலும் சேற்றுப் பள்ளம் மட்டுமே மிச்சம் இருந்தது. அறக்கட்டளைக்காரர்கள் அச்சகத்தின் மேல் பழி போட்டு, திரும்ப அடித்து, அதுவும் வெறுமையாக வரவே, எல்லாவற்றையும் கிழித்து எடுத்துவிட்டார்கள். மெர்லின் காளவாய்மேட்டுக்கு ஓடிவந்து சம்பூரணத்தின் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அவரு எங்கிட்டயிருந்து போயிட்டாரு.”

“உங்கிட்டயிருந்து இல்லம்மா” என்றாள் சம்பூரணம், இறால் ஓடு குத்திய விரலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே. “அந்த எடத்துலேந்து.”

அந்த வாரமே அவன் இருக்குமிடம் தெரிந்துவிட்டது. அவனோடு ஒன்றாகக் குடித்த ஏகாம்பரத்தின் வீட்டில், கல்யாணப் போட்டோவில், பெண்ணின் மாமாவுக்குப் பின்னால், கன்னத்தில் சேறு காயாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அழைக்காத விருந்துக்கு வந்தவனைப் போல அவன் நின்றிருந்தான். ஏகாம்பரம் அலறினான். அவன் மனைவி வந்து பார்த்துவிட்டு, “எதுக்குக் கத்துற? வந்த மனுசன் நிக்கறாரு. டீத்தண்ணி ஒரு டம்ளர் வை” என்றாள்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. தேசிங்கு யார் வீட்டுப் படத்துக்கு வந்தாலும் அதன் கீழே ஒரு டம்ளர் டீ வைப்பது, படத்தைச் சுவர் பக்கம் திருப்பாமல் இருப்பது, அவன் காதுபடக் குடியைப் பற்றி ஏசாமல் இருப்பது, உடனே சம்பூரணத்துக்குச் சொல்லி அனுப்புவது என்று யாரும் கூடிப் பேசாமலே ஒரு முறை ஏற்பட்டது. அவன் வீடு வீடாகப் போனான். குழந்தைக்கு முதல் பிறந்தநாள் எடுத்த படத்தில் அவன் வந்துவிட்டதைக் கண்டு ஒரு தாய் பயந்துபோனாள். உற்றுப் பார்த்தபோது, அவன் உள்ளே வராமல், குழந்தையின் மேல் தன் நிழல் விழாதபடி, படத்தில் தெரிந்த வாசலுக்கு வெளியே நின்றிருப்பது தெரிந்து, அவளே ஊரெல்லாம் சொல்லி அழுதாள். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். சலூன்காரர் தன் கடை திறப்புவிழாப் படத்தில் அவனைக் கண்ட மறுநாள் அவன் தாடி மழிக்கப்பட்டிருந்தது. மாதா கோயில் கொடியேற்றப் படத்தில் பர்னாந்து என்கிற பெரியவரின் தோளில் எப்போதும் கிடக்கிற துண்டு இவன் தோளுக்கு வந்துவிட்டது. பெரியவர், “கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே” என்று சொல்லிவிட்டு, கழுத்துச் சுளுக்கு விட்டதுபோல் இருக்கிறது என்றும் சொன்னார். படத்துக்குப் படம் சேறு உதிர்ந்தது, கண்ணின் மஞ்சள் குறைந்தது. கை நடுக்கம் மட்டும் போகவில்லை. எல்லாரும் தெளிவாக விழுந்திருந்த படங்களில் அவனுடைய கைவிரல்கள் மட்டும் கலங்கித் தெரிந்தன.

சொல்லி அனுப்பும்போதெல்லாம் சம்பூரணம் வேலை முடிந்து போனாள். அவள் போவதற்குள் அவன் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பான். காலி இடத்தைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருவாள். பிறகு போவதை நிறுத்திக்கொண்டாள்.

“உன் வூட்டுக்கு ஏன் வரலன்னு யோசிச்சியா?” என்றாள் கோட்டீஸ்வரி. “உன் வூட்ல ஒரு போட்டோ இல்லையே. எதுல வருவாரு?”

“வரலைன்னு யாரு அழுதா?” என்றாள் சம்பூரணம். “உசுரோட இருந்தப்ப கதவத் தொறந்துதான் வெச்சிருந்தேன். வந்தாரு, வாந்தி எடுத்தாரு, அடிச்சாரு, போனாரு. இப்ப வந்து இன்னா பண்ணப் போறாரு?”

உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்த கஸ்தூரி, “அவரு இந்த வூட்டுக்குள்ள வந்தா நான் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்” என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் கோபமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் பின்னிய சடையை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினாள்.

இதற்குள் மெர்லினிடம் மற்றவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: செத்தவன் எழுந்து போய்விட்டான், உயிரோடு இருக்கிற நாங்கள் எழுந்து போக முடியாதே, எங்கள் படமெல்லாம் எப்படி இருக்கிறது, காட்டு. கொட்டகை விடுமுறை நாளில் அவள் தான் எடுத்த படங்கள் அத்தனையையும் கொண்டுவந்து, இறால் உரிக்கும் நீள மேஜைகளில் பரப்பி வைத்தாள். வேண்டாம் என்கிறதை நீங்களே கிழித்துவிடலாம் என்றாள். ஜனங்கள் வரிசையாக நடந்து தங்களைத் தாங்களே பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒருத்தி தன் அடுப்பையும் அதன் பக்கத்தில் சுருண்டு கிடந்த கணவனையும் கிழித்துப் போட்டாள். இன்னொருத்தி தன் புருஷன் கடைக்கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிற படத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். ஏகாம்பரம் தன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். அதில் அவன் காலி பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அதைக் கிழிக்கக் கையெடுத்தாள்.

“வுடு” என்றான் அவன். “இது நான்தான். இருக்கட்டும். ஆனா மேல ஒண்ணும் எழுதக் கூடாது.”

மெர்லின் தலையாட்டினாள். கிழித்ததையெல்லாம் அவளே பொறுக்கிக் கூடையில் போட்டாள். தான் மிக நன்றாக எடுத்ததாக நினைத்த படங்களில் பாதி அந்தக் கூடையில் கிடந்தது. அன்று சாயங்காலம் வரை அவள் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை.

காளவாய்மேட்டில் சுவரில் மாட்டிய படங்களுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டல்லவா. போகப் போக வீடுகள் தீர்ந்தன. பிறகு அவனை எங்கும் காணோம் என்றார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஏகாம்பரம் வேகவேகமாக வந்து, வாசலில் நின்றபடி, வாய்க்கு நேரே கையைக் குவித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

“அண்ணி, அவன் பாருக்குப் போயிட்டான்.”

ஒயின் ஷாப்பை ஒட்டித் தகரக் கூரை போட்ட பாரில், அதைத் திறந்த அன்று எடுத்த படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. நடத்துகிறவரும் அவருடைய கூட்டாளிகளும் மாலையோடு நிற்க, முன்னால் மேஜையில் பாட்டில்களும் ஊற்றிய கிளாஸ்களும் வைத்த படம். அந்த மேஜையின் கோடியில், மழித்த முகத்தோடு, தோளில் துண்டோடு, நல்லவனைப் போல அவன் உட்கார்ந்திருந்தான். அவன் கை மேஜைமேல் இருந்தது. கிளாஸுக்கும் கைக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. குடிக்க வந்தவர்கள் சிலர் அவன் பேரைச் சொல்லிக் கிளாஸைத் தூக்கினார்கள். சிலர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். மறுநாள் பார்த்தவர்கள் இடைவெளி குறைந்திருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்திருக்கிறது என்றார்கள்.

சம்பூரணம் கொட்டகையில் பாதி வேலையில் எழுந்தாள். கையைக் கழுவவில்லை. உச்சிவெயிலில், ரப்பர் செருப்போடு, நனைந்த சேலையோடு, பெண்கள் யாரும் போயிராத அந்தத் தகரக் கூரைக்குள் அவள் நுழைந்தபோது கிளாஸ் கழுவுகிறவன் குழாயை மூடினான். அவள் யாரையும் பார்க்காமல் நேரே படத்தின் முன்னால் போய் நின்றாள். அவனைத் தேடிப் போன நாளெல்லாம் தவறவிட்டவள் அன்றுதான் அவனைப் பார்த்தாள்.

“இன்னாய்யா, எல்லார் வூட்டுக்கும் போன. கடைசில வழக்கமா வர எடத்துக்கே வந்துட்ட.”

யாரோ இருமினார்கள். அவள் திரும்பவில்லை.

“உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல நானு. அது என்னால முடியுமோ முடியாதோ, எனக்கே தெரியல. நீ அடிச்ச தோளு குளுரு நாள்ல இப்பவும் வலிக்குது. உம் பொண்ணு உன்ன யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டு, அன்னிலேந்து சரியா சாப்புடறதில்ல. அதுவும் உன்னாலதான். ஆனா ஊரே உன்னச் சேத்துல பாத்துச்சு பாரு, அது எனக்குப் பொறுக்கல. நீ கெட்டவன்தான். ஆனா அது மட்டுமே நீ இல்ல. அது எனக்குத் தெரியும், வேற யாருக்குத் தெரியும்?”

அவள் மூச்சு வாங்கினாள். கண்ணாடியில் இறால் நீர் வழிந்த அவள் கையின் ஈரம் பட்டிருந்தது.

“அந்தக் கிளாஸு உனக்கு எட்டுனாலும் தீரப் போறதில்ல. அம்மாங் காலம் குடிச்சியே, தீந்துச்சா? நான் போட்டோ எடுத்துக்கப் போறேன். பக்கத்துல ஒரு சேர் போடுவேன். வர்றதுன்னா வா. வரலேன்னா சேர எடுத்து உள்ள வெச்சிட்டு என் வேலையப் பாப்பேன். கெஞ்ச மாட்டேன்.”

அவள் திரும்பி நடந்தபோது, வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். பார் நடத்துகிறவர் அன்றைக்கு ஏனோ சீக்கிரமே ஷட்டரை இறக்கினார்.

மெர்லின் மறுநாள் காலை வந்தாள். எத்தனையோ வருஷமாகப் படம் எடுக்கிறவள், முதல் தடவையாக ஒன்றும் தெரியாதவளைப் போலக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்கே நிக்கணும், எப்படி எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்கக்கா” என்றாள். சம்பூரணம் சொன்னாள். வாசலுக்கு வெளியே, நீலச் சுவருக்கு முன்னால். கால்வாய் தெரியக் கூடாது. பாத்திரம் தெரியக் கூடாது. அவள் அரக்குச் சேலை கட்டியிருந்தாள், தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். கோட்டீஸ்வரி வீட்டிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் பக்கத்தில் போட்டாள். தான் நாற்காலிக்கு இடப்பக்கம் நின்றாள். கஸ்தூரியைக் கூப்பிட்டாள்.

“நான் வரல” என்றாள் கஸ்தூரி உள்ளிருந்தபடி. “அவர் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்.”

“சரி” என்றாள் சம்பூரணம். வற்புறுத்தவில்லை. “எடுத்துக்கோம்மா” என்றாள் மெர்லினிடம்.

படம் வந்தது. மரச் சட்டம் போட்டு, ஆணி அடித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அதில் ஒரு பெண் சிரிக்காமல், ஆனால் கழுத்தை நிமிர்த்தி நின்றாள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. பார் படத்தில் தேசிங்கு இல்லை என்று ஏகாம்பரம் வந்து சொன்னான். கிளாஸ் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்றும் சொன்னான். ஊரில் வேறு எந்தப் படத்திலும் அவன் இல்லை. காலையில் வேலைக்குப் போகிற பெண்கள் சம்பூரணத்தின் வீட்டுக்குள் தலையை நீட்டி, சுவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள். அப்படியே நாள்கள் போயின. சம்பூரணம் படத்தின் கீழே டீ வைக்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு பார்வை பார்ப்பாள், கை கால் கழுவுவாள், அடுப்பைப் பற்றவைப்பாள். அவன் முழுசாகவே போய்விட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. போய்ச் சேர்ந்தால் நல்லதுதான் என்று அவளும் சொன்னாள்.

ஆடி மாதக் காற்று தொடங்கிய ஒரு காலையில், கம்பெனிக்குக் கிளம்பத் தலைசீவிக்கொண்டிருந்த கஸ்தூரி, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்தாள். அம்மாவைக் கூப்பிடவில்லை.

அவன் வந்திருந்தான். குளித்து வந்ததுபோலத் தலை படிந்திருந்தது, நெற்றியில் சந்தனம் இருந்தது. சம்பூரணத்தை ஒட்டியும் இல்லை, விலகியும் இல்லை. நாற்காலியில் அவன் உட்காரவில்லை. அதற்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தான், கூட்டத்தில் யாரும் இழுத்துக்கொண்டு போய்விடாமல் பிடிப்பதுபோல. பிடித்திருந்ததால் கை நடுங்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன.

சம்பூரணம் வந்து மகளின் தோளுக்குப் பின்னால் நின்றாள். வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது.

“ஏம்மா உக்காரல அவரு?” என்றாள் கஸ்தூரி.

“தெரியலையே.”

“நீ யாருக்குச் சேர் போட்ட?”

“அவருக்குத்தான்.”

கஸ்தூரி படத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். “அவரு அப்படி நெனைக்கல போல” என்றாள்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. அவள் வாசலுக்குப் போய், இன்றைக்கு வரவில்லை என்று கையை ஆட்டினாள். வேனுக்குள்ளிருந்து ஒருத்தி ஏன் என்று கேட்டதற்கு, “எங்கப்பா வந்திருக்காரு” என்றாள், தெருவே கேட்கும்படி. பிறகு மெர்லினுக்குத் தானே போன் செய்தாள். குழாயடியில் முகம் கழுவினாள். பாவாடை தாவணி போட்டுக்கொண்டு வந்து, நீலச் சுவருக்கு முன்னால் அம்மா மறுபடியும் போட்ட அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மெர்லின் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

“இருங்கக்கா” என்றாள் கஸ்தூரி. எழுந்து, நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்துக் கொஞ்சம் முன்னால் போட்டாள். திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

“பின்னாடி ஒருத்தர் நிக்கணும்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சம்பூரணம் வந்து இடப்பக்கம் நின்றுகொண்டாள். மெர்லின் உடனே பட்டனை அழுத்தவில்லை. ஆள் வந்து நிற்பதற்கு ஆகிற நேரம், பொறுத்திருந்தாள்.